உள்ளே நுழைந்தாலே குற்றமா? "அத்துமீறல்" என்று சட்டம் எதைச் சொல்கிறது?

வரப்போரம் கேட்டது:

செய்தித்தாளில் "அத்துமீறி நுழைந்தார்" என்ற ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் போட்டுவிடுகிறார்கள். சட்டத்தில் அது ஒரே குற்றம் இல்லை என்று தெரியும். ஆனால் எங்கே கோடு விழுகிறது என்பதுதான் பிடிபடவில்லை. நான்கு உதாரணம் வைக்கிறேன்.

1. பக்கத்து நிலத்துக்காரர் வரப்பைத் தாண்டி வந்து, "இதுவரை என் இடம்" என்று கல் நட்டுவிட்டுப் போகிறார்.
2. வாடகை பாக்கி. குடியிருப்பவர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, வீட்டுக்காரர் மாற்றுச் சாவியால் திறந்து சாமான்களை வெளியே வைத்துவிடுகிறார்.
3. ஆறு மாதம் தங்கிக்கொள்ளச் சொன்ன உறவினர், இரண்டு வருடமாகியும் காலி செய்ய மறுக்கிறார்.
4. இரவில் திறந்திருந்த ஜன்னலுக்குள் கையை மட்டும் விட்டு ஒருவன் செல்போனை எடுத்துக்கொண்டு ஓடுகிறான்.

இவற்றில் எது குற்றம், எது சிவில்? புதிய சட்டத்தின் பிரிவு எண்ணோடு சொன்னால் நல்லது. பழைய 447, 448, 457 மட்டும்தான் நினைவில் இருக்கிறது.

—

கச்சேரிவாசல் எழுதியது:

முதலில் எண்கள். 2024 ஜூலை 1 முதல் நடந்த சம்பவங்களுக்கு பாரதிய நியாய சன்ஹிதா. அதற்கு முந்தைய நாளில் நடந்திருந்தால், புகார் இன்று கொடுத்தாலும் இந்திய தண்டனைச் சட்டம்தான். பழைய 441 முதல் 462 வரை இருந்தவை இப்போது 329 முதல் 334 வரை ஆறு பிரிவுகளுக்குள் அடங்கிவிட்டன. அத்துமீறலுக்கும் வீடு புகுதலுக்கும் விளக்கமும் தண்டனையும் 329. ஒளிந்து புகுதல், உடைத்துப் புகுதல் இரண்டுக்கும் விளக்கம் 330, தண்டனை 331. வேறொரு குற்றம் செய்வதற்காக வீடு புகுந்தால் 332. அடிக்கவோ மடக்கிவைக்கவோ தயாராகப் புகுந்தால் 333. பூட்டிய பீரோ, பெட்டி உடைப்பு 334.

இனி விஷயம். நுழைவது மட்டும் குற்றம் ஆகாது. 329(1) மூன்று கேள்வி கேட்கிறது. இடம் யார் சுவாதீனத்தில் (கைவசத்தில்) இருந்தது? எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) அதற்குள் போனாரா, அல்லது முறையாகப் போய்விட்டு முறையில்லாமல் அங்கேயே நின்றாரா? என்ன நோக்கத்தோடு? நோக்கம் இரண்டில் ஒன்றாக இருக்க வேண்டும்: ஒரு குற்றம் செய்வது, அல்லது சுவாதீனத்தில் இருப்பவரை மிரட்டுவது, அவமதிப்பது, தொல்லைப்படுத்துவது. இந்த மூன்றாவது கேள்வியில்தான் பெரும்பாலான வழக்குகள் விழுந்துபோகின்றன.

"நான் போனால் அவருக்குக் கோபம் வரும் என்று தெரிந்தே போனான், அதுவே நோக்கம்தானே?" என்று வாதிடுவார்கள். போதாது. பஞ்சாபிலிருந்து போன ஒரு மேல்முறையீட்டில் (ஏ.ஐ.ஆர். என்ற தீர்ப்புத் தொகுப்பில் 1964 உச்ச நீதிமன்றம் 986) இதைத் தீர்த்துவிட்டார்கள். தொல்லை கொடுப்பதே நுழைந்ததன் குறிக்கோளாக இருந்தது என்று காட்ட வேண்டும். தொல்லை விளையும் என்று தெரிந்திருந்தது மட்டும் நோக்கம் ஆகிவிடாது. அதற்காக, குறிக்கோளை எதிரியின் வாயாலேயே வரவழைக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. எப்படி வந்தார், யாரோடு வந்தார், என்ன பேசினார், வந்து என்ன செய்தார் என்பதை வைத்து நீதிமன்றம் ஊகிக்கும்.

இப்போது உங்கள் உதாரணங்கள்.

கல் நட்டவர்: அது தன் இடம் என்று உண்மையாகவே நம்பி, பகலில், சர்வே எண்ணைச் சொல்லிக்கொண்டு வந்து நட்டிருந்தால் குற்ற நோக்கத்தைக் காட்டுவது கஷ்டம். அளந்து தீர்க்க வேண்டிய எல்லைத் தகராறு அது. அதே ஆள் பத்துப் பேரைக் கூட்டி வந்து, நின்ற பயிரை உழுது தள்ளி, "இனி இந்தப் பக்கம் காலை வைத்துப் பார்" என்றிருந்தால் கதை வேறு. அத்துமீறலுக்குத் தண்டனை சொல்லும் 329(3) வரும், மிரட்டலுக்கும் பயிர்ச் சேதத்துக்கும் தனிப் பிரிவுகள் சேரும். இன்னொன்றையும் பாருங்கள். புதிதாகக் கல் நட்டாரா, அரசு நில அளவர் நட்டிருந்த கல்லைப் பிடுங்கினாரா? பிடுங்கியிருந்தால் 326(உ) தனியாக நிற்கும், ஒரு வருடம் வரை சிறை. அதற்கு அத்துமீறலை நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லை. புகார் எழுதுகிறவர்கள் இதை அடிக்கடி விட்டுவிடுகிறார்கள்.

வீட்டுக்காரர்: பலரும் தவறாக நினைக்கும் இடம் இதுதான். பிரிவில் உரிமையாளர் என்ற பேச்சே கிடையாது, "பிறர் சுவாதீனத்தில் உள்ள சொத்து" என்றுதான் இருக்கிறது. வாடகைக்கு விட்ட நாள் முதல் சுவாதீனம் குடியிருப்பவருடையது. பத்திரம் வீட்டுக்காரர் பெயரில் இருப்பது இங்கே கேடயம் ஆகாது. வாடகை பாக்கி என்றால் வாடகை நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டில் 2017-ஆம் வருடச் சட்டம் அந்த வழியைத்தான் காட்டுகிறது. ஆளை விரட்டுவதற்காகவே பூட்டைத் திறந்து சாமானை வெளியே வைத்தால், வீடு புகுதலுக்கான 329(4). பூட்டைத் திறந்ததால், உடைத்துப் புகுதலுக்கான 331(1)-உம் பேசப்படும். அந்த நேரத்தில் குடியிருப்பவர் ஊரில் இல்லை என்பது மட்டும் வீட்டுக்காரரைக் காப்பாற்றாது.

காலி செய்யாத உறவினர்: இது சிவில். "முறையாக நுழைந்து முறையில்லாமல் தங்குவது" என்ற பகுதியைக் காட்டிப் புகார் கொடுக்கிறார்கள். ஆனால் அங்கேயும் அதே நோக்கம் வேண்டும். போக இடமில்லை என்றோ, தனக்கும் உரிமை உண்டு என்றோ தங்கியிருப்பவர் தொல்லை கொடுப்பதற்காகத் தங்கியிருக்கிறார் என்று சொல்ல முடியாது. அனுமதியின்பேரில் தங்கியவர் அனுமதி முடிந்தும் வெளியேறாத ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது (ஏ.ஐ.ஆர். 1983 உச்ச நீதிமன்றம் 159). வெளியேற்ற சிவில் வழக்குப் போடுங்கள், குற்ற வழக்கு நிற்காது.

நான்காவதை அடிக்குறிப்பு வந்து விளக்கட்டும், அவருக்குப் பிடித்த இடம்.

—

அடிக்குறிப்பு எழுதியது:

வந்துவிட்டேன்.

கை உள்ளே போனதா என்பதுதான் கேள்வி. வீடு புகுதலுக்கு உடம்பு முழுக்க உள்ளே போக வேண்டியதில்லை, உடம்பின் ஏதாவது ஒரு பாகம் போனால் போதும் என்று சட்டமே விளக்கம் தருகிறது. விரல் நுழைந்தாலும் நுழைவுதான். ஆனால் கை வெளியே இருக்க, கம்பு மட்டும் உள்ளே போய் செல்போனைக் கொக்கி போட்டு இழுத்திருந்தால்? கம்பு உடம்பின் பாகம் இல்லை. அப்போது திருட்டு இருக்கிறது, வீடு புகுதல் இருக்கிறதா என்று எதிர்த்தரப்பு கட்டாயம் கேட்கும். அதனால் புகாரில் "ஜன்னல் வழியாகத் திருடினான்" என்று மொட்டையாக எழுதாமல், கை எவ்வளவு தூரம் உள்ளே வந்தது என்று எழுதுங்கள்.

அடுத்து, ஜன்னல் மனிதர் போய்வரும் வழி இல்லை. அதனால் வெறும் வீடு புகுதல் என்பதிலிருந்து ஒரு படி ஏறி, "வீட்டை உடைத்துப் புகுதல்" ஆகிவிடுகிறது. எதையும் உடைக்கவில்லையே என்பீர்கள். சட்டத்தில் உடைப்பது என்றால் ஓட்டையும் சத்தமும் மட்டும் இல்லை. 330(2) ஆறு வழிகளைச் சொல்கிறது: தானே ஒரு வழி உண்டாக்கிப் போவது, ஆள் நுழைவதற்கு என்று இல்லாத வழியிலோ, சுவர் ஏறியோ போவது, வீட்டார் நினைத்திராத முறையில் ஒரு வழியைத் திறந்துகொண்டு போவது, எந்தப் பூட்டையானாலும் திறப்பது, அடித்தோ, அடிப்பேன் என்று மிரட்டியோ நுழைவது, அடைத்து வைக்கப்பட்டது என்று தெரிந்தே அதை அவிழ்த்துப் போவது.

முதல் வழி வேறொன்றும் இல்லை, நம் ஊர்க் கன்னம்தான். சுவரில் துளை போட்டுக் கையை விடுவதைத்தான் சட்டமும் முதல் உதாரணமாக வைத்திருக்கிறது. காவல்துறைத் தமிழில் "கன்னக்களவு" என்ற சொல் இன்னும் ஓடுகிறது, கன்னக்கோல் போய்க் கடப்பாரையும் இரும்பு வெட்டியும் வந்த பிறகும். மற்ற உதாரணங்களும் படிக்க வேண்டியவை. கதவின் ஓட்டை வழியே கம்பியை விட்டுத் தாழ்ப்பாளைத் தூக்குவது உடைத்துப் புகுதல். வீட்டுக்காரர் தொலைத்த சாவியைக் கண்டெடுத்து, அதே சாவியால் திறந்து போவதும் உடைத்துப் புகுதல். வாசலில் நிற்கும் காவலாளியிடம் "அடித்துவிடுவேன்" என்று சொல்லி ஒதுங்கவைத்துப் போவதும் அதுவே. பூட்டில் ஒரு கீறல்கூட விழாமல் இது நடக்கலாம். "பூட்டு உடையவில்லை, அதனால் சாதாரணத் திருட்டு" என்று பதிவு செய்வது தப்பு என்பது இதனால்தான்.

பலர் கவனிக்காத இன்னொரு வரி: வெளியே வருவதும் கணக்கில் உண்டு. பகலில் திறந்த கதவு வழியாகச் சும்மா உள்ளே போய், திருடிவிட்டு, பின்கதவுப் பூட்டை நெம்பி வெளியேறினாலும் உடைத்துப் புகுதல்தான்.

ஒளிந்து புகுதல் என்பது வேறு. நம்மை வெளியேற்ற உரிமையுள்ளவரிடமிருந்து மறைக்க, முயற்சி எடுத்து நுழைந்திருக்க வேண்டும். இருட்டாக இருந்தது என்பதே மறைப்பு ஆகாது. கேமராவைத் திருப்பியது, முகத்தை மூடியது, விளக்கை அணைத்தது மாதிரி ஏதாவது செய்திருக்க வேண்டும்.

தண்டனையில் நேரம் எவ்வளவு கனக்கிறது பாருங்கள். திருடுவதற்காகத் திறந்த வீட்டுக்குள் மறைக்காமல் புகுந்தால் 332(இ), ஏழு வருடம் வரை. ஒளிந்தோ உடைத்தோ புகுந்தால் 331(3), பத்து வருடம் வரை. அதையே சூரியன் மறைந்த பிறகு, உதிப்பதற்குள் செய்தால் 331(4), பதினான்கு வருடம் வரை. பழைய 457 அதுதான். வெறும் அத்துமீறலுக்கு மூன்று மாதம் வரை, வெறும் வீடு புகுதலுக்கு ஒரு வருடம் வரை. இந்த இரண்டுக்கும் அபராத உச்சவரம்பு முன்பு 500, 1,000 ரூபாயாக இருந்தது. இப்போது இரண்டுக்கும் 5,000.

"வீடு" என்ற சொல்லையும் குறுக்கிவிடாதீர்கள். ஆள் குடியிருக்கும் கட்டடம், கூடாரம், படகு, வழிபாட்டு இடம், பொருள் வைத்துப் பாதுகாக்கும் கட்டடம் எல்லாம் வீடு. கடையும் கிடங்கும் உள்ளே வரும். சுற்றுச்சுவர் இருந்தாலும் வெறும் காலி மனை வராது. அங்கே 329(3) மட்டும்தான்.

—

வரப்போரம் எழுதியது:

தெளிவாகிவிட்டது, இருவருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம் மிச்சம். ஸ்டேஷனில் புகார் கொடுத்தால் படித்துப் பார்க்காமலே "இது சிவில், கோர்ட்டுக்குப் போங்க" என்கிறார்களே, அதைத் தாண்டுவது எப்படி? இன்னொன்று, உள்ளே வந்தவனை அடிக்கலாமா? தோட்டத்து வேலியில் கரண்ட் விடுகிறவர்கள் "என் இடம், என் வேலி" என்கிறார்கள்.

—

பழைய ரைட்டர் எழுதியது:

தம்பி, முதல் கேள்விக்கு நான் சொல்றேன். "சிவில்"னு திருப்பி அனுப்புறதுக்கு வாய்ப்புக் கொடுக்கிறதே பாதி நேரம் புகார்தான். நாலு பக்கத்துக்குத் தாத்தா காலத்துப் பாகப்பிரிவினை, அண்ணன் தம்பி சண்டை, பட்டா மாறுன கதை எல்லாம் எழுதிட்டு, கடைசி வரியில "அத்துமீறி நுழைந்தார்"னு முடிப்பாங்க. படிக்கிறவருக்குச் சொத்துத் தகராறுதான் கண்ணுல படும். தலைகீழா எழுதுங்க.

முதல் பத்தியில சம்பவம். தேதி, மணி, எந்த வாசல், எந்தப் பூட்டு, எத்தனை பேர், கையில என்ன. அவங்க பேசுன வார்த்தையை அப்படியே போடுங்க. "தகாத வார்த்தைகளால் திட்டினார்"னு எழுதுனா ஒண்ணும் தெரியாது. நோக்கத்தைக் காட்டுறதே அந்த வார்த்தைதான். மணியை "மாலை சுமார்"னு விடாதீங்க. டிசம்பர்ல ஆறேகாலுக்கு நடந்ததும் ஜூன்ல ஆறேகாலுக்கு நடந்ததும் ஒண்ணு இல்லை, அன்னிக்குச் சூரியன் எத்தனை மணிக்கு இறங்குச்சுங்கிறதுதான் கணக்கு.

ரெண்டாவது பத்தியில சுவாதீனம், மூணு வரி போதும். எந்த வருஷத்துல இருந்து இருக்கீங்க, என்ன ஆதாரம். மின்கட்டண ரசீது, வாடகை ஒப்பந்தம், வீட்டுவரி ரசீது, விவசாய நிலம்னா அடங்கல் (யாரு பயிர் வெச்சாங்கங்கிற கிராமக் கணக்கு). பட்டா சேருங்க, ஆனா பட்டா மட்டும் வெச்சு நிக்காதீங்க. பேர் யாருதுன்னு அது சொல்லும், யாரு அங்க இருந்தாங்கன்னு அடங்கலும் அக்கம்பக்கத்து ஆளும்தான் சொல்லும். சொத்துத் தகராறு இருந்தா மறைக்காம ஒரே வரியில சொல்லிடுங்க, வழக்கு நம்பரோட. மறைச்சா எதிர்த்தரப்பு அதையே தூக்கிக் காட்டும்.

கேமராப் பதிவு இருந்தா உடனே தனியா எடுத்து வைங்க. நிறைய கேமரா கொஞ்ச நாள்ல பழசு மேல புதுசை எழுதிடும். கோர்ட்டுக்குப் போகும்போது புது சாட்சியச் சட்டம் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேணும், அதுல ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாறலைன்னு காட்டுற குறியீடு) எழுதணும். வாட்ஸ்அப்ல அனுப்பி அனுப்பிச் சுருங்கிப்போன வீடியோவை மட்டும் வெச்சிருக்காதீங்க. உடைஞ்ச பூட்டைத் தொடாதீங்க, கூட்டிப் பெருக்காதீங்க.

329-ல வர்ற ரெண்டும் பிடியாணை இல்லாமலே கைது பண்ணக்கூடியது, ஆனா ஜாமீன்ல விடக்கூடியது. அதனால முதல் தகவல் அறிக்கை போடலாம். மனு ரசீது மட்டும் கொடுத்து விசாரணைன்னு இழுத்தா, புகாரை எழுத்துல மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபால்ல அனுப்புங்க. புது குற்றவியல் நடைமுறைச் சட்டம் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 173(4). அதுக்கும் அசையலைன்னா அதே புகாரோட, சத்தியப் பிரமாணத்தோட நீதித்துறை நடுவர்கிட்ட 175(3)-ல போகலாம். தபால் ரசீதை வெச்சிருங்க, அது இல்லாம அங்க கேக்க மாட்டாங்க. ஆன்லைன்ல புகார் கொடுத்தா மூணு நாளைக்குள்ள போய்க் கையெழுத்துப் போடணும், மறந்துடாதீங்க.

சுவாதீனத்துல இருக்கிறவங்க சமாதானமாப் போயிட்டா சாதாரண அத்துமீறல், வீடு புகுதல் ரெண்டையும் ராஜியில முடிச்சுக்கலாம். பூட்டு உடைச்ச கேஸ் அப்படி முடியாது.

—

கச்சேரிவாசல் எழுதியது:

ரைட்டர் சொன்னதோடு கெடு விஷயத்தைச் சேர்க்கிறேன், இதில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். ஒரு வருடம் வரை மட்டுமே தண்டனை உள்ள குற்றங்களுக்கு ஒரு வருடத்துக்குள் காவல் நிலையத்தில் தகவல் பதிவாகியிருக்க வேண்டும், அல்லது நடுவரிடம் புகார் தாக்கலாகியிருக்க வேண்டும் (நடைமுறைச் சட்டம் 514). 329 இரண்டும் அந்த வரையறைக்குள் வருகின்றன. பேசித் தீர்ப்போம் என்று பதினான்கு மாதம் பஞ்சாயத்து நடத்திவிட்டு வந்தால், தாமதத்தை மன்னிக்கச் சொல்லிக் காரணம் காட்ட வேண்டியிருக்கும்.

இடத்தை விட்டே துரத்திவிட்டார்கள் என்றால், குற்ற வழக்கு நடக்கிறது என்று சும்மா இருக்காதீர்கள். குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 6-ஆம் பிரிவில் ஆறு மாதத்துக்குள் சிவில் வழக்குப் போட்டால், பத்திரம் யாருடையது என்ற ஆராய்ச்சி இல்லாமலே சுவாதீனத்தைத் திரும்பப் பெறலாம். துரத்தியது அரசு என்றால் இந்த வழி கிடையாது. நிலத் தகராறால் அமைதி கெடும் நிலை இருந்தால் கோட்டாட்சியர் முன் நடைமுறைச் சட்டத்தின் 164-ஆம் பிரிவு நடவடிக்கையும் உண்டு (பழைய 145). அங்கே கெடு இன்னும் குறைவு. தகவல் போன நாளுக்கு முந்தைய இரண்டு மாதத்துக்குள் துரத்தப்பட்டவரைத்தான், இன்னும் சுவாதீனத்தில் இருப்பவராகக் கருதுவார்கள்.

அடிக்கலாமா என்றால், அத்துமீறலைத் தடுக்கத் தற்காப்புரிமை உண்டு (நியாய சன்ஹிதா 35). ஆனால் தேவைக்கு மேல் ஒரு அடியும் கூடாது, காவல்துறையை அழைக்க அவகாசம் இருந்தால் அந்த உரிமையே இல்லை (37). உயிர்போகும் அளவுக்குப் போக நான்கு சூழ்நிலையில்தான் அனுமதி (41): கொள்ளை, சூரியன் மறைந்து உதிப்பதற்குள் வீட்டை உடைத்துப் புகுதல், குடியிருக்கும் இடத்துக்கோ பொருள் வைத்த இடத்துக்கோ நெருப்பாலோ வெடிபொருளாலோ நாசம், தடுக்காவிட்டால் உயிர் போகும் அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்ற நியாயமான அச்சத்தை உண்டாக்கும் திருட்டு, சேதம், வீடு புகுதல். தோப்பில் தேங்காய் பறிக்க வந்தவன் இந்த நான்கில் எதிலும் இல்லை. ஓடுகிறவனைத் துரத்திப்போய், பிடித்துக் கட்டிவைத்து அடித்தால் வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

மின்வேலிக்கு உச்ச நீதிமன்றம் 60 வருடத்துக்கு முன்பே பதில் சொல்லிவிட்டது. பிகாரில் ஒருவர் தன் கழிப்பறையைப் பக்கத்து வீட்டார் பயன்படுத்துவதைத் தடுக்க, மின்சாரம் பாயும் வெற்றுக் கம்பியைக் கட்டி வைத்தார். அதைத் தொட்ட பெண் இறந்துபோனார். அந்தப் பெண் அனுமதியில்லாமல் வந்தவர்தான். ஆனாலும் அத்துமீறுபவருக்கு உயிர்ப் பாதுகாப்பு இல்லை என்று ஆகிவிடாது, இதில் தற்காப்புரிமை பேச முடியாது என்று சொல்லி, கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கான தண்டனையை உறுதி செய்தார்கள் (ஏ.ஐ.ஆர். 1964 உச்ச நீதிமன்றம் 205). அந்தப் பிரிவு அப்போது 304-ஏ, அதிகபட்சம் இரண்டு வருடம். இப்போது 106(1), ஐந்து வருடம். பன்றிக்குத்தான் வைத்தேன் என்றாலும் கம்பி ஆள் பார்த்துப் பாயாது.

—

அடிக்குறிப்பு எழுதியது:

ஒரு சின்னத் திருத்தம் மட்டும். பீரோ உடைப்புக்கு 334 என்று மேலே வந்தது. உடைத்தது நேர்மையற்ற நோக்கத்தோடோ சேதம் செய்யும் நோக்கத்தோடோ இருக்க வேண்டும், பீரோ பூட்டியோ கட்டியோ இருந்திருக்க வேண்டும். உள்ளே பொருள் இருந்ததா என்பது முக்கியமில்லை, பொருள் இருக்கும் என்று நம்பி உடைத்தாலே போதும். காலி பீரோ என்று புகாரில் விட்டுவிடாதீர்கள், அதற்கும் இரண்டு வருடம் வரை உண்டு. நம்பி ஒப்படைக்கப்பட்டவரே உடைத்திருந்தால் மூன்று.